மாமாங்கத்துக்கு விடியலிலே செல்வோம்

ஆடி மாதம் மட்டக்களப்பில் கச்சான் வீசுங் காலம். மலைநாட்டிலே மழையைச் சொரிந்துவிட்டு வரும் அக்காற்று, இங்கே அனலாகவே வந்து சேர்கின்றது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தமும் ஆடி அமாவாசையன்றே நிகழ்வது. தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யும் நாளாதலின், வெயிலும் சனத்திரளும் ஒன்றாய்க் கூடுகின்றன.

சென்ற ஆண்டு உச்சிவேளையில் எங்கள் அன்னையார் மயங்கி வீழ்ந்தார். நாளை மாற்ற இயலாது, நேரத்தை மாற்றலாமன்றோ? இம்முறை, கடைகளைக் காணப் பிள்ளைகளை முதல்நாள் மாலையே அழைத்துச் சென்றோம். அமாவாசையன்று, குடையும் தண்ணீருமாக, இருள் பிரியுமுன் அன்னையாருடன் புறப்பட்டோம். மணல் சுடுமுன்பே தீர்த்தமாடித் தந்தையாருக்குரிய கடனையும் முடித்தோம்.

திரும்புகையில் எதிரே சனவெள்ளம் வந்துகொண்டிருந்தது. “இம்முறைதான் அவரை ஆறுதலாக நினைத்தேன்” என்றார் அன்னையார்.