பேராசிரியர் என்னும் பெயர்

அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்த ஆனைக்குட்டம் அணையின் கரையில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐவர் கூடுவது வழக்கம். படித்த நூல்களைப் பற்றிப் பேசுவோம். சென்ற வாரம் எந்த நூலும் பேசப்படவில்லை. எங்களுள் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். பணியைத் துறந்து ஊராட்சித் தேர்தலில் நிற்க எண்ணியிருப்பதாக அவர் சொன்னார். அரசுப் பணியில் இருந்துகொண்டே வேட்பாளராக முடியாது. வென்றாலும் தோற்றாலும் வேலை போனது போனதுதான்.

எங்கள் பேச்சு உடனே க. அன்பழகனை நோக்கித் திரும்பியது. 1944 முதல் 1957 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் அவர். தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த 1957இல் எழும்பூரில் வென்றார். அன்றைய முதலமைச்சர் எங்கள் விருதுநகர் மண்ணின் காமராசர். அருகிலுள்ள சாத்தூர்த் தொகுதியின் உறுப்பினர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தார்; கல்லூரியில் பாடம் நடத்தியவர் எதிர்வரிசையில் அமர்ந்தார். கல்விக்குத் தொண்டாற்ற வகுப்பறை ஒன்றே வழியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்றோம்.

நண்பர் ஒப்பவில்லை, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அன்பழகன் 1967இல் மக்களவைக்குச் சென்றார். 1971இல் சுகாதாரத்துறை அமைச்சரானார். 1983இல் ஈழத்தமிழர் சிக்கலை முன்னிட்டுச் சட்டமன்ற உறுப்பினர் பதவியையே துறந்தார். கல்வித்துறை அவர் கைக்கு வந்தது 1989இல்தான். கல்லூரியை விட்டு 32 ஆண்டுகள்!

“அந்த 32 ஆண்டுகளில் எத்தனை மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருப்பார்?” என்று கேட்டார் நண்பர்.

எங்களிடம் விடை இல்லை. ஒன்று மட்டும் சொன்னோம். 1977 முதல் 2020இல் மறையும்வரை அவர் கட்சியின் பொதுச்செயலாளர். 2006 முதல் 2011 வரை நிதியமைச்சர். இத்தனைக்கும் பிறகு நாட்டார் அவரைப் ‘பேராசிரியர்’ என்றே அழைத்தனர். 13 ஆண்டுப் பணி ஈட்டித் தந்த பெயரை அறுபதாண்டுக்கு மேற்பட்ட அரசியலால் அழிக்க முடியவில்லை.

நண்பர் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பட்டாசு ஆலை வண்டியில் தாய்மார் விடியலிலேயே ஏறிப் போய்விடுகிறார்கள். தாமே தலைவாரிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் நிற்க நினைக்கிறேன். அவர்களை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருக்கிறதே!” என்றார்.

‘துணிந்து நில்லுங்கள்’ என்று சொல்ல வாயெடுத்தோம். ஆனால், மாதச் சம்பளத்தை விட எங்களுள் வேறு எவரும் ஆயத்தமாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டோம். மறுநாள் அவர் வழக்கம்போல் பள்ளிக்குச் சென்றார். தேர்தல் வரும்போது அவர் என்ன முடிவெடுப்பாரோ, அறியோம். எம்முடிவாயினும் அவரை ‘சார்’ என்று அழைப்பதை மட்டும் இவ்வூர்ப் பிள்ளைகள் நிறுத்தப் போவதில்லை.