தம்பூராவுக்கு ஒரு பெர்த்

கச்சேரிக்குப் போகிறவர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்களோடு எழும்பூரில் இரவு வண்டி ஏறிப் பாருங்கள்! கீழ்ப் பெர்த்தில் உறை போர்த்திய தம்பூரா சயனித்திருக்கும். பலாமரக் குடத்தில் அடி பட்டால் நாதம் போச்சு! அதை மீட்டும் நான், அதன் காலடியில் சுருண்டு கிடப்பேன்.

கும்பகோணத்தில் பொழுது விடிந்தது. டிகிரி காபி மணந்தது. பாடகியான என் தோழிக்கோ பிளாஸ்க் வெந்நீர்தான். மிருதங்கக்காரர் இரண்டு மிருதங்கங்களோடு இறங்கினார். முந்தின நாள் அவர் வாசித்தது ஒரு கட்டை ஸ்ருதி வித்வானுக்கு. தோழிக்கு ஐந்து கட்டை. மகாமகக் குளம் பக்கத்தில்தான். பார்க்க நேரம் ஏது?

ஜாகை வீட்டு மாமி ஆசையாகத் தயிர் வடை செய்திருந்தார். "தொண்டை கட்டிவிடும், மாமி" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பாடகி யாராவது வந்தால் மிளகு ரசம் வையுங்கள், புண்ணியம் உண்டு!

மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து போன். குழந்தைக்கு ஜுரம், 102 டிகிரி. ஆறரைக்குக் கோயிலில் கச்சேரி. தோழி சற்று நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, "ஸ்ருதி சேர்" என்றாள்.

மேடையில் அவளுடைய செல்போன், சத்தம் அடக்கி, என் மடியில் இருந்தது. தனி ஆவர்த்தனம் நடக்கும்போது அதில் வெளிச்சம் வந்தது: ஜுரம் இறங்கிவிட்டதாம்! தாளம் போட்டபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

இரவு பத்து மணிக்கு ஜாகை திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமி, தயிர் வடை மிச்சம் இருக்கிறதா?"