அலையோரத்தில் ஓர் அஸ்ர் தொழுகை



இரண்டு வயது மகனுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் சென்றோம். முட்டுக்காட்டில் படகுச் சவாரி, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என ஒரே நாளுக்கு நீண்ட பட்டியல் வைத்திருந்தோம். 1976-இல் தொடங்கப்பட்ட அப்பண்ணையில், வாய்பிளந்து அசையாமல் கிடந்த முதலைகளைக் கண்டு அவன் கைகொட்டிச் சிரித்தான், நகரவே மறுத்தான். மாமல்லபுரத்தைக் கைவிட்டுத் திரும்பினோம்.

வழியில் திருவிடந்தைக் கடற்கரையில் அஸ்ர் நேரமாயிற்று. ஜமாஅத்தின் நன்மையை நாடி, மகனை மணலில் விளையாட விட்டு, இருவரும் சேர்ந்தே தக்பீர் கட்டினோம். சற்று நேரத்தில் அவனது சிரிப்பொலி அலையை நோக்கி விலகிச் செல்வது கேட்டது. தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினோம். அலை தொடுமுன் அவனை அள்ளி எடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ்!

தொழுகையை முறித்தது பிழையோ என்று உள்ளம் உறுத்திற்று. ஆனால், ஆபத்திலுள்ள உயிரைக் காக்கத் தொழுகையை முறிப்பது கடமை என்றே மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறுகின்றனர். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். பிழை, தொழுகையை முறித்ததில் இல்லை. குழந்தையைக் கவனிக்க ஆளின்றி இருவரும் நின்றதில்தான் இருந்தது.

பின்னர் முறைவைத்துத் தொழுதோம். ஒருவர் ஸஜ்தாவில் இருக்க, மற்றவர் அவன் கையைப் பற்றியிருந்தார். குழந்தையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமன்றோ! நம் பிள்ளைகள் அனைவரையும் அவன் பாதுகாப்பானாக, ஆமீன்.