நாலாவது கட்டம்

எங்கள் பூனை பிரான்ஸுக்கு வந்த கதை நான் வந்த கதையைவிடப் பெரியது. எனக்குக் கம்பெனி விசா எடுத்துக் கொடுத்தது. கருப்பட்டிக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்? முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்பு சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று தாள் வாங்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். 2018இல் நான் முதலில் லியோனுக்கு வந்துவிட்டேன். மனைவி பூனைக்காகச் சென்னையில் ஐந்து மாதம் தங்கி, அதையும் தூக்கிக்கொண்டு பிறகு வந்தாள்.

"பெத்த அப்பனுக்குக்கூட இவ்வளவு பேப்பர் பாக்க மாட்டல நீ" என்றார் அப்பா போனில்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா போன பிறகு அவர் தென்காசியில் தனியாக இருந்தார். அவரைக் கூட்டிவர நான் ஒரு பேப்பரும் பார்த்திருக்கவில்லை. "குளிர் நமக்கு ஒத்துக்காது, இங்க எனக்கு என்ன குறை" என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் வசதியாக நம்பிவிட்டேன்.

2020 மார்ச் 16 இரவு ஜனாதிபதி மக்ரோன் டிவியில் பேசினார். நாம் போரில் இருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் மதியம் 12 மணியிலிருந்து ஊரடங்கு. வெளியே காலெடுத்து வைக்க வேண்டுமானால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, கிளம்பிய நேரம், கையெழுத்து, காரணம். ஒரு வாரத்தில் விதி இன்னும் இறுகியது. நடக்கப் போனால் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். காரணங்களை ஏழு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். தாள் இல்லாமல் பிடிபட்டால் 135 யூரோ.

எங்களிடம் பிரிண்டர் இல்லை. கையால் எழுதினாலும் செல்லும் என்றார்கள். கோட் அடிப்பதைத் தவிர வேறு எதையும் பத்து வருடமாகக் கையால் எழுதாத நான், தினமும் ஒரு தாளில் பிரெஞ்சு எழுதினேன். ஏப்ரலில் போனிலேயே காட்டலாம் என்று வந்தது. அதற்குள் எழுதுவது பழகிவிட்டது, விடவில்லை.

ஐந்தாவது கட்டம்தான் எல்லோருக்கும் பிடித்தது. உடற்பயிற்சி, நடை, வளர்ப்புப் பிராணிகளின் தேவை. நாய் வைத்திருந்தவர்கள் திடீரென்று ஜமீன்தார்கள் ஆனார்கள். பூனைக்கு வெளியே என்ன தேவை? ஒரு நாள் கருப்பட்டிக்குக் கழுத்துவாரைக் கட்டிப் பார்த்தேன். அப்படியே தரையில் சாய்ந்து செத்ததுபோல் படுத்துக்கொண்டது. பெல்ஜியத்தில் ஒரு பூனைக்குத் தொற்று வந்திருக்கிறது என்ற செய்தி வேறு அதே வாரம் வந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு. வயது 82, மூட்டு சரியில்லை, காலையில் நாயை யாராவது வெளியே கூட்டிப்போனால் நன்றியுடன் இருப்பேன், மூன்றாம் மாடி. இரண்டு வருடமாக அவருக்கு 'போன்ஜூர்' மட்டும் சொல்லியிருக்கிறோம்.

"உனக்கு வெளிய போகணும். அந்தம்மா நாய்க்கும் வெளிய போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

நாயின் பெயர் கஸ்தோன். வம்சாவளிப் பதிவுள்ள நாய்களுக்கு பிரான்ஸில் வருடத்துக்கு ஒரு எழுத்து. 2011இல் பிறந்ததென்றால் பெயர் 'ஜி'யில் தொடங்க வேண்டும். பெயரைக் கேட்டாலே வயது தெரிந்துவிடும். அப்பாவிடம் சொன்னபோது அவர் காதில் 'கஸ்தூரி' என்று விழுந்தது. ஆண் நாய் என்று இரண்டு தடவை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். "கஸ்தூரி வெளிய போயிட்டு வந்தாளா?" என்பது எங்கள் தினசரி போனின் முதல் கேள்வி ஆனது. அதற்கு முன்பு எங்களுக்குள் பேச 'சாப்ட்டியா', 'மழை உண்டா' தவிர ஒன்றும் இருந்ததில்லை.

எங்கள் வீடு க்ருவா ரூஸ் மேட்டில் இருந்தது. பட்டு நெசவாளர்களின் பழைய பகுதி. தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே கூரையை உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். மேட்டின் சதுக்கத்தில் ஜக்கார் சிலையாக நிற்கிறார். துளையிட்ட அட்டைகளால் தறியை ஓட்டியவர். கம்ப்யூட்டர் வரலாறு என்று எங்கள் கல்லூரிப் பாடப் புத்தகம் அவரிலிருந்துதான் தொடங்கும். அட்டையில் துளை இருக்கிறதா, இல்லையா, தறிக்கு அது மட்டும்தான் தெரியும். டிக் அடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி வரும்போது, நானும் ஒரு அட்டைதான் என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் நடந்தால் 'க்ரோ கையூ' என்கிற பெரிய பாறை. பனியாறு கொண்டுவந்து போட்டது. கஸ்தோன் அதில் தினமும் காலைத் தூக்கும். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மோன் பிளான் சிகரம் தெரியும். அந்த வசந்தத்தில் பல நாள் தெரிந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை போலீஸ் நிறுத்தியது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த மாதம் என் வதிவிட அட்டை காலாவதி. அட்டைகள் தானாக நீளும் என்று அரசு சொல்லியிருந்தது, முதலில் மூன்று மாதம், பிறகு ஆறு. ஆனால் கையில் புது அட்டை இல்லாதவனுக்கு அறிவிப்பு எவ்வளவு தைரியம் கொடுக்கும்?

தாளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"உங்கள் நாயா?"

"இல்லை. மூன்றாம் மாடி அம்மாவுடையது. அவருக்கு 82 வயது."

"அப்படியென்றால் ஐந்து ஏன்? இது நான்கு."

நாலாவது கட்டம்: தவிர்க்க முடியாத குடும்பக் காரணம், நலிந்தவர்களுக்கு உதவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல். நான் அதை உருப்போடாத குறையாகத் தினமும் எழுதியிருக்கிறேன், எனக்கென்று படித்ததில்லை. அபராதம் போடாமல் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை நான் மறுபடி ஐந்தைத்தான் அடித்தேன். உதவி செய்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. உண்மையில் எனக்குத்தான் அந்த நாய் தேவைப்பட்டது.

மூன்றாம் வாரம், இரவு 2 மணிக்கு போன். இந்தியாவில் காலை ஐந்தரை. எதிர்வீட்டுப் பையன். கல்லூரி கடைசி வருடம் படிப்பவன். அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அண்ணே, பதறாதீங்க. பெரியப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. பேசுறாங்க. கால ஊன்ற முடியல."

இடுப்பெலும்பு முறிவு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 50 கிலோமீட்டருக்கு மேல். சில மாதங்களுக்கு முன்புதான் தென்காசி தனி மாவட்டமாகியிருந்தது. அதனால் மாவட்ட எல்லை ஒன்று புதிதாக முளைத்திருந்தது, அதைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கேயும் காரணப் பட்டியல்: கல்யாணம், சாவு, மருத்துவம். பையன் போனிலேயே விண்ணப்பித்து, தெருவில் ஒருவர் காரைக் கேட்டு வாங்கி, கூடவே போனான். நான் வெளிச்சம் இல்லாத அடுக்களையில் உட்கார்ந்து, வங்கிச் செயலியைத் திறந்து பணம் அனுப்பினேன். செய்ய முடிந்தது அது ஒன்றுதான். சர்வதேச விமானங்களை இந்தியா மார்ச் 22ஆம் தேதியே நிறுத்தியிருந்தது. கருப்பட்டி மடியில் ஏறிப் படுத்தது, பசிக்கும் நேரம் இல்லை என்றாலும்.

விடியும்போது மறுபடி கூப்பிட்டான்.

"ஆபரேசனுக்குக் கையெழுத்து கேட்டாங்கண்ணே. உறவுன்னு ஒரு இடம் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "மகன்னு போட்டுட்டேன். கோச்சுக்காதீங்க."

நல்லது செய்தாய் தம்பி என்றேன். வேறு என்ன சொல்ல?

எட்டு மணிக்குத் தாளை எழுத உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி. நாலாவது கட்டத்தில் 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணம்' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் டிக் அடித்தேன், நாலில். கஸ்தோனை நடத்தப் போகிறவனுக்கு அது பொய். எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

அந்த அம்மா வழக்கம்போல் நாயின் வாரைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு உள்ளே தள்ளி நின்றார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். என் பிரெஞ்சைத் திருத்தாமல் ஒரு நாளும் விட்டதில்லை. தூங்கவில்லையா என்றார். என் அப்பா விழுந்துவிட்டார் என்றேன். 'விழு'வுக்கு முன்னால் 'எத்ர்' வர வேண்டும், நான் 'அவ்வார்' போட்டுவிட்டேன். முதல் வாரத்திலேயே அவர் திருத்திய பிழை. அன்று திருத்தவில்லை.

"கூட யார் இருக்கிறார்கள்?"

"எதிர்வீட்டுப் பையன்."

தலையை ஆட்டினார். அவருடைய மகன் பிரெஸ்டில் இருக்கிறான், நாட்டின் இன்னொரு முனையில். "சரி, போய்ட்டு வாங்க" என்பதுபோல் கையைக் காட்டினார். மறுநாளிலிருந்து 'போன்ஜூர்' சொல்லும் முன்பே அப்பா எப்படி இருக்கிறார் என்பார். அங்கே அப்பா கஸ்தூரியை விசாரிப்பார். நடுவில் நான் இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, பையனுக்கு மாதம் ஒரு தொகை அனுப்புகிறேன் என்றேன். அவன் கேட்டான்: "அண்ணே, அங்க நாயக் கூட்டிட்டுப் போறதுக்கு நீங்க எவ்வளவு வாங்குதீக?"

"ஒண்ணும் வாங்கல."

"அப்பறம் என்ன?"

அப்பாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், "என்னைய வாடகைக்கு விடலாம்னு பாத்தியோ?" என்றார். அதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே 11இல் தாள் முறை முடிந்தது. அன்று கஸ்தோனை 1 கிலோமீட்டர் தாண்டி, சோன் ஆற்றங்கரை வரை இறக்கிக் கூட்டிப்போனேன். திரும்பும்போது மேட்டில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தூக்கிக்கொண்டு ஏறினேன்.

ஊருக்குப் போக 2021 ஜனவரி ஆனது. அப்பா வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்தார். என்னைவிட உயரமாக இருந்தவர். சாயங்காலம் பையன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு மாத்திரை டப்பாவை எடுத்தான், தண்ணீரோடு கொடுத்தான். நான் மதியம் முழுக்க அந்த டப்பாவைத் தேடியிருந்தேன்.

பழைய தாள்களில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். டிக் அடித்த இடத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"குடும்பக் காரணமா? இது கஸ்தூரிய நடத்துன பேப்பர்தானல?"

"ஆமா."

பையன் சிரித்தான். அப்பா தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு நம்ம குடும்பம்" என்றார்.