கடிதத்தின் கடைசிப் பந்தி

பூநகரியில் தம்பியின் மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கிய நீரிறைக்கும் மெசின் சில கிழமைகளிலேயே நின்றுபோனது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். இது லண்டன் உறவுகளின் காதுக்கு எட்டியதும், "ஊரிலை ஆர் கேக்கிறது? இங்கையெண்டால் விடுவாங்களோ?" என்று தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் வாழும் இந்த லண்டனில், வியாபாரியும் கேளாதவனுக்கு எதையும் கொடுப்பதில்லை. நான் இந்த நாட்டை மெச்சுவது ஒரு கடிதத்தின் கடைசிப் பந்திக்காக. வங்கியோ காப்புறுதி நிறுவனமோ பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தரவேண்டும். மறுத்தாலும், ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதை அந்தப் பதிலிலேயே எழுதவேண்டும். நமக்கு ஒரு சதமும் செலவில்லை. அவருடைய தீர்ப்பை நாம் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் காப்புறுதிக்காரர் கையை விரித்த நாளில், அடுத்து எங்கே போவது என்பதை அவர்களுடைய கடிதமே எனக்குச் சொன்னது. மறுப்பவனே மேல்முறையீட்டுக்கு வழி சொல்லவேண்டும் என்று சட்டம் வைத்தவர்களை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஊரில் சட்டம் இல்லையா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்றால் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். இதைத் தம்பிக்கு எந்தக் கடையும் சொல்லவில்லை.

ஆனால் தம்பி தயங்குவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. 2009இல் போர் முடிந்த பிறகு வெறுங்கையோடு மீளக்குடியேறியவர்களுக்குக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தவர்கள் இப்படியான கடைக்காரர்கள்தான். அறுவடை மட்டும் பொறுத்திருப்பார்கள். லண்டனில் எந்தக் கடை எனக்கு அப்படிப் பொறுக்கும்? அந்த முகத்தை எதிர்த்து மனு எழுதத் தம்பிக்குக் கை வராது. அதை ஏமாளித்தனம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: முறையிடும் இடமும் காலக்கெடுவும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் தமிழில் அச்சாகவேண்டும். அப்போது முறைப்பாடு பகையாகாது, வழமையாகும். அதுவரை, மெசினுக்குக் காசு அனுப்பும் உறவுகளே, பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பழுதென்றால் மூன்று மாதம் முடியுமுன் எழுதச் சொல்லுங்கள்.