அப்பாவின் ஆம்னியில் நாலு ஓட்டை!

'கேரவன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட், ஏசி, உள்ளே டச்சப் பண்ணிக்கொண்டிருக்கும் ஹீரோயின்... அதானே? எங்க வீட்டு கேரவன் வேற மாதிரி. பழைய மாருதி ஆம்னி. 2019-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, பாத்திரம், முட்டைக்கோஸ் மூட்டை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரோட்டோரம் போய் நின்றால், ராத்திரி பத்து வரைக்கும் அதுதான் எங்க காளான் கடை. கோயமுத்தூர்ப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், காளான்னா இங்க சும்மா இல்ல... அது ஒரு எமோஷன்! (தட்டுல காளானைவிட கோஸ் அதிகமா இருக்கும்கிற ரகசியத்தை மட்டும் வெளியே சொல்லிடாதீங்க.)

மில் வேலை போன பிறகு, வந்த பணத்தை எல்லாம் போட்டு அப்பா வாங்கின வண்டி அது. வீட்டில் எங்களுக்கு சோறு போடுவது, எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டுவது எல்லாம் அதுதான். அந்த வண்டியின் தலையில் நான் நாலு ஓட்டை போட்டேன். அந்தக் கதைதான் இது.

ஃபர்ஸ்ட் இயர் முடிந்த லீவ். மெக்கானிக்கல் படிக்கிறோம் என்ற மிதப்பு உச்சந்தலையில் இருந்த நேரம். மேற்கு வெயில் நேராக அம்மா முகத்தில் அடிக்கிறது, வண்டிக்குப் பக்கவாட்டில் ஒரு பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினால் நிழலாச்சு என்று பேச்சு வந்தது. "இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று ஃப்ரெண்டிடம் டிரில்லிங் மெஷின் கடன் வாங்கி, கூரைத் தகரத்தில் வரிசையாக நாலு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு ஸ்குரூ. யாரோ கல்யாணத்துக்கு வைத்த பழைய ஃபிளெக்ஸ் பேனரை அதில் கட்டி, எதிர்முனைக்கு ரெண்டு கம்பம். பத்து நிமிஷத்தில் வேலை ஓவர். "பரவால்லியே கண்ணு!" என்று அம்மா சொன்னபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

முதல் மழையிலேயே காலர் இறங்கிவிட்டது. கொக்கி வழியாகத் தண்ணீர் உள்ளே சொட்டி, மைதா மாவு மூட்டை நனைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எம்-சீல் வாங்கி வந்து நாலு ஓட்டையைச் சுற்றியும் அப்பிவிட்டார். மேலே அடைத்தாயிற்று, சரி. உள்ளே? டிரில் போடும்போது பெயின்ட், அதற்குக் கீழே இருக்கிற பிரைமர் எல்லாம் சேர்ந்து போய், இரும்பின் ஓரம் அம்மணமாக நிற்கும். அங்கே ஒரு சொட்டு ஈரம் போதும். துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே நகர்ந்து போகும். நமக்குத் தெரிவதெல்லாம் மேலே சின்னதாக ஒரு கொப்புளம். அப்படி நாலு கொப்புளம் வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. எங்க ஊர் ஆடிக் காத்து பற்றிச் சொல்லணும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற காத்து அது. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாக காத்தாடிகள் நிற்பது அதை நம்பித்தான். கரன்ட் எடுக்க அது வரம். காளான் கடைக்கு?

சாயங்காலம் ஆறரை மணி. கடாயில் எண்ணெய் கொதிக்கிறது. நாலைந்து பேர் தட்டுக்காக நிற்கிறார்கள். அம்மா தண்ணி கேன் எடுக்க வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். ஒரே ஒரு காத்து. ஃபிளெக்ஸ் வயிறு உப்பி மேலே எழும்பியது. 'பட்... பட்'டென்று ரெண்டு கொக்கி, தகரத்தைக் கிழித்துக்கொண்டு பிடுங்கியது. கம்பம் சாய்ந்து மேசையில் விழ, கடாய் சரிந்தது. கொதிக்கிற எண்ணெய் கொட்டிய இடம், அம்மா அரை நிமிஷம் முன்னாடி வரைக்கும் நின்றுகொண்டிருந்த இடம். கடாயைப் பிடிக்கப் போன அப்பாவின் முழங்கையில் நாலு சொட்டு.

அப்பா முதலில் அம்மாவைத்தான் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பயந்துட்டியா சாமி?" என்றார். கூரையைக் கடைசியாகத்தான் நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். அந்த ஒரு கேள்வியால் அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

ராத்திரி நோட்டை எடுத்து, ஓட்டை போடும் முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். ஃபிளெக்ஸ் ரெண்டரை மீட்டருக்கு ரெண்டு மீட்டர், அதாவது அஞ்சு சதுர மீட்டர். மணிக்கு 40 கி.மீ. காத்து அதன் முகத்தில் முழுசாக அடித்தால், தோராயமாக 38 கிலோ எடையின் இழுப்பு. அதே காத்து 60 கி.மீ. ஆனால்? வேகம் ஒன்றரை மடங்குதான், இழுப்பு ரெண்டேகால் மடங்கு... கிட்டத்தட்ட 85 கிலோ! அதாவது, எங்க அப்பாவைவிட கனமான ஒரு ஆள், ஒரு மில்லிமீட்டர்கூட கனமில்லாத தகரத்தில் தொங்குகிறார். அதுவும் ஆடி ஆடி, விட்டு விட்டு. இந்த ஃபார்முலாவை எக்ஸாமில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன் என்பதுதான் கொடுமை.

மறுநாள் டிங்கர் அண்ணாவிடம் வண்டி போனது. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, ஒட்டு வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கணும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இஞ்சினீரிங்கா தம்பி? ஓட்டை போட அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். அடைக்க எனக்கு அஞ்சு நாள் வேணும்" என்றார். அந்த அஞ்சு நாளும் கடை இல்லை.

கடை இல்லாத அஞ்சு நாளில்தான் நிஜ கேரவன்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்து மாதிரி ஊர்களில் காரின் பின்னால் ஒரு குட்டி வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு லீவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போன இடத்தில் அதன் பக்கவாட்டில் ஒரு கூடாரத்தை மாட்டுவார்கள். 'ஆனிங்' என்று பேர். மெல்லிய அலுமினியம், ஃபைபர் உடம்பு அந்த வண்டிகளுக்கு. நம்ம ஆம்னியைவிட நோஞ்சான். ஆனாலும் எப்படி நிற்கிறது?

விஷயம் ரொம்ப சிம்பிள். கூரை ஓரமாக, கம்பெனியிலேயே பொருத்திய ஒரு பள்ளமான ரெயில் இருக்கும். துணியின் ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கயிறு விளிம்பை ரெயிலின் ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வரைக்கும் இழுத்தால் போதும். ஜன்னல் ஸ்கிரீனில் நாடா கோக்கிற மாதிரி! இழுப்பு நாலு புள்ளியில் இல்லாமல் முழு நீளத்துக்கும் பரவிவிடுகிறது. கம்பம் வண்டியில் சாயும் இடத்தில் மெத்தென்ற பேட். புயல் பட்டை என்று ஒன்றை துணிக்கு மேலாகப் போட்டு, தரையில் முளை அடித்துக் கட்டுகிறார்கள்.

இதை எங்க தெருவில் பந்தல் போடும் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இதுக்கு எதுக்குப்பா சீமைக்குப் போற? பந்தலு எப்பவும் செவுத்த நம்பி நிக்காது, மண்ண நம்பித்தான் நிக்கும். வண்டி சும்மா ஓரத்தப் புடிச்சுக்கட்டும். காத்த பூமி புடிச்சுக்கும்."

நாலு செமஸ்டரில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக லோடு டிரான்ஸ்ஃபர் நடத்தியதில்லை!

உடனே ஜெயித்துவிடவில்லை. முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தங்களை வைத்துப் பார்த்தேன். நேராகப் பிடுங்கினால் கெட்டியாக இருக்கிற காந்தம், பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. வரும்போது பெயின்ட்டில் கோடும் போட்டுக்கொண்டே வருகிறது. தகரம் மெல்லிசு என்பதால் முழுப் பிடிப்பும் கிடைப்பதில்லை. அடுத்து, கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கப். வெயிலும் தூசியும் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

பதில் வண்டியிலேயே இருந்தது. ஆம்னியின் கூரை ஓரம் மழைத்தண்ணி வடிய ஒரு மடிப்பு ஓடும், பார்த்திருக்கிறீர்களா? மேலே கேரியர் மாட்டுகிறவர்கள் அந்த மடிப்பில்தான் கிளாம்ப் போட்டு முடுக்குவார்கள். ஓட்டையே வேண்டாம். அதே மாதிரி நாலு கிளாம்ப் வாங்கினேன். முக்கால் இஞ்ச் அலுமினிய பைப் ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, நீளவாக்கில் அஞ்சு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, ஓரத்தை அரத்தால் மழுக்கி வாங்கினேன். லாரி தார்பாய் தைக்கிற அண்ணன், கெட்டித் துணியின் ஓரத்தில் பத்து மில்லிமீட்டர் கயிறு வைத்துத் தைத்துக் கொடுத்தார். பைப்பை கிளாம்ப்களில் மாட்டி, துணியை அதில் கோத்தால்... எங்க வீட்டு 'ஆனிங்' ரெடி!

கிளாம்ப்புக்கும் வண்டிக்கும் நடுவில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்தோம். அதற்கு முன்னால் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைப்பது கட்டாயம். நடுவில் மாட்டுகிற மண் உப்புத்தாள் மாதிரி. ஆட ஆட பெயின்ட்டைத் தேய்த்தே எடுத்துவிடும்.

மண் தரையில் ஒன்றரை அடி கம்பி முளை, பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த மாதிரி. தார் தரையில் தண்ணி நிரப்பின 20 லிட்டர் கேன், ஒவ்வொன்றும் 20 கிலோ. கயிற்றுக்கு நடுவில் மறுபடியும் சைக்கிள் டியூப்தான். திடீர்க் காத்தின் வெட்டை அது வாங்கிக்கொள்ளும். ஒரு கம்பத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி வைப்போம், மழைத்தண்ணி வடிய. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணி நின்றாலே பத்து கிலோ ஆயிற்றே! எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எட்டாத தூரத்துக்கு அடுப்பை நகர்த்தினோம்.

இவ்வளவு செய்தும் 85 கிலோ இழுப்பை ரெண்டு கேன் தாங்காது என்று கணக்கு சொல்லுகிறது. அதனால் கடைசி விதி, காத்து ஏறினால் கழற்று! கேரவன்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். முடிச்சு இல்லை, கொக்கி இல்லை. முளைக் கயிற்றை அவிழ்த்துத் துணியை உருவினால் ரெண்டே நிமிஷம். வேப்பமரம் ஒரு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தாலே அப்பா உருவிவிடுவார். கணக்கு போடாமலே அவருக்கு கி.மீ. தெரியும்.

இந்த வருஷ ஆடியும் போய்விட்டது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. கூரையில் ஒட்டு போட்ட இடம் மட்டும் கொஞ்சம் கலர் மாறித் தெரியும். சனிக்கிழமை வண்டி கழுவும்போது அந்த இடத்துக்கு வந்தால் என் கை தானாக மெதுவாகிவிடும்.

போன வாரம் பக்கத்தில் புதுசாக ஜூஸ் கடை போட்ட அண்ணா, கையில் டிரில்லிங் மெஷினோடு வந்தார். "தம்பி, நீ இஞ்சினீரிங்தான? வண்டி மேல நாலே நாலு ஓட்டை போட்டுக் குடு, படுதா கட்டணும்."

நான் வாயைத் திறப்பதற்குள், கடாயில் இருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார்: "மெஷின உள்ள வைங்க தம்பி. பழைய சைக்கிள் டியூப் இருந்தா எடுத்துட்டு வாங்க. எம் பையன் சொல்லித் தருவான்."