எத்தனை மூட்டை?

குவிண்டால் 60,000 ரூபாய்க்கு மிளகு வாங்கி நான்கு மாதம் அடைத்து வைப்பதாக வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய பணத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால், நான்கு மாதத்தில் 2,400. வாங்கும்போது சரக்கில் 13 சதவீதம் ஈரம் இருந்திருக்கும். விற்கப்போகும்போது அது 11-க்குக் காய்ந்திருக்கும். நூறு கிலோ வாங்கியவர் கையில் இப்போது 98 கிலோகூட இருக்காது. வட்டியையும் காய்ச்சலையும் சேர்த்தால், கிலோ 638 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கோடவுன் வாடகை, சாக்கு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் இதற்கு மேலே. விலை ஏறும் என்று நினைத்தால் மட்டும் போதாது. நான்கு மாதத்துக்குள் நாற்பது ரூபாய்க்கு மேல் ஏறும் என்று துணிய வேண்டும்.

துணிச்சலைப் பற்றி யார் பேச வந்தாலும் முதலில் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். ‘ரிஸ்க் எடுக்காமல் வாழ்க்கையில் எதுவும் கிடைக்காது’ என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சரிதான். எவ்வளவு எடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் பூர்வீகம் போடிநாயக்கனூர். அப்பா கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு குஜராத்திக் கம்பெனியில் கணக்கெழுதினார். பிறகு சொந்தமாகத் தரகில் இறங்கினார். எனக்கு மாதச் சம்பள வேலை ஒன்று கைக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் அதைப் பெரிய துணிச்சலாகப் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணம் ஆகவில்லை, கடன் இல்லை, தரகு என்றால் சரக்குக்குப் போடும் முதலும் நம்முடையதில்லை. இரண்டு சீசன் தேறவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அந்த வயதில் நான் தொலைக்கக்கூடியது அவ்வளவுதான். அதே காரியத்தை இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கடனும் உள்ள ஒருவர் செய்தால் அதன் பெயர் வேறு.

சரக்கைப் பார்த்து வாங்குவது இந்தத் தொழிலில் சின்ன ரிஸ்க். அதைக் கையால் குறைக்க முடியும். கட்டப்பனையிலிருந்தோ வயநாட்டிலிருந்தோ லாரி வந்து நின்றால் குத்தூசியை மூட்டையின் வாயில் செருக மாட்டோம். அங்கே நல்ல மணிகள்தான் இருக்கும். வயிற்றில் செருக வேண்டும். வந்து விழும் மிளகை உள்ளங்கையில் பரப்பி மெல்ல ஊதினால் பொக்கு பறந்துவிடும். நல்ல மணி அசையாது. பிறகு ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிக்க வேண்டும். காய்ந்த மணி சட்டென்று உடையும். ஈரமான மணி அமுங்கிக்கொடுக்கும். மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்போம். நடுவில் வெதுவெதுப்பு தட்டினால் அந்தச் சரக்கு ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடைசியில் லிட்டர் அளவை நிரப்பி, மேலே வழித்துவிட்டு, தராசில் வைப்போம். 550 கிராம் நின்றால் திடமான சரக்கு. இத்தனையும் செய்ய ஒரு லாரிக்கு அரை மணி நேரம் ஆகும். பழகிய ஆள் தரத்தில் ஏமாறுவது அபூர்வம்.

விலை அப்படியல்ல. வியட்நாமில் பெய்யும் மழையை என் உள்ளங்கையில் பரப்பி ஊதிப்பார்க்க முடியாது.

மட்டாஞ்சேரிக்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 1957-இல் இங்கே இந்தியா பெப்பர் அண்ட் ஸ்பைஸ் டிரேட் அசோசியேஷன் அமைந்தது. எங்கள் வாயில் அது இப்ஸ்டா. ஜூ டவுனில், பரதேசி யூத ஜெப ஆலயத்துக்கு அருகே, தரகர்கள் கூடி நின்று வரப்போகும் மாதங்களுக்கான மிளகை உரக்கக் கூவி வாங்கினார்கள், விற்றார்கள். இதற்குத்தான் முன்பேர வியாபாரம் என்று பெயர். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு அது சூதாட்டக் கூச்சலாகத்தான் கேட்கும். உள்ளே நடந்தது அதற்கு நேர் எதிர்.

ஒரு ஏற்றுமதியாளர் நவம்பரில் அமெரிக்கக்காரரிடம் விலை பேசி, மார்ச்சில் 15 டன் அனுப்புவதாக ஒப்புக்கொள்கிறார். சரக்கு இன்னும் கொடியில் இருக்கிறது. மார்ச்சுக்குள் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறினால் அவருக்கு ஏழரை லட்சம் நஷ்டம். ஆகவே பேரம் முடிந்த அன்றே ஜூ டவுனுக்கு ஆள் அனுப்பி மார்ச் மிளகை வாங்கிவிடுவார். விலை ஏறினால் சரக்கில் விட்டதை அங்கே பிடிப்பார். இறங்கினால் அங்கே விட்டதைச் சரக்கில் பிடிப்பார். இரண்டு பக்கமும் அவருக்குப் பெரிய லாபம் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. தன் தொழிலான சுத்தம் செய்து, தரம் பிரித்து, கப்பலேற்றுவதற்கான கூலி நிற்கும். அவர் வேண்டாம் என்று தள்ளிய ரிஸ்க்கை எதிரே நின்று கூவிய இன்னொருவர் விரும்பி வாங்கிக்கொள்வார். ரிஸ்க்கையும் மூட்டை போலக் கைமாற்றலாம் என்பதை நான் அங்கேதான் கற்றேன். 1997-இல் இங்கிருந்தே வெளிநாட்டினரும் கலந்துகொள்ளும் மிளகு முன்பேரச் சந்தை தொடங்கியது. உலகமே கொச்சி விலையைக் கேட்டுவிட்டு வாய் திறந்த காலம் அது.

அப்பாவுக்கு முதலாளியாக இருந்த குஜராத்திப் பெரியவரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் அழைப்பார்கள். அடுத்த மாதம் விலை ஏறும், கட்டாயம் ஏறும் என்று யாராவது ஓடிவந்து சொன்னால் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “மோனே, ஏறுமா இறங்குமா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனை மூட்டை? அதை மட்டும் சொல்” என்பார். அந்த வருடக் கொள்முதலில் ஒரு பங்கைத்தான் அடைத்து வைப்பார். விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தாலும் ஆட்களின் சம்பளம், வீட்டுச் செலவு, வங்கித் தவணை மூன்றும் தட்டாமல் நடக்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு மூட்டைகூட வைக்க மாட்டார். நம்பிக்கை எவ்வளவு பலமாக இருந்தாலும் அளவு மாறாது. நம்பிக்கை அதிகமான வருடங்களில்தான் இந்த விதி அதிகம் தேவைப்படும் என்று அப்பா சொல்வார்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மிளகுத் தொழில் உலகத்துக்கே ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. 1935-ஐ ஒட்டி லண்டனில் கராபெட் பிஷிர்ஜியன் என்ற வியாபாரியும் அவர் கூட்டாளிகளும் வெள்ளை மிளகு முழுவதையும் தங்கள் கைக்குள் மடக்கப் பார்த்தார்கள். வாங்க வாங்க விலை ஏறியது. ஏற ஏற இன்னும் வாங்கினார்கள். ஆனால் வெள்ளை மிளகு தனிச் செடியில் காய்ப்பதில்லை. கறுப்பு மிளகு காய்க்கும் அதே கொடிதான். காயைப் பழுக்கவிட்டு, ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு. வெள்ளைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்றால் தோட்டக்காரர் உரிக்காமல் விடுவாரா? சரக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கம்பெனி சரிந்து, லண்டன் சந்தையே ஆட்டம் கண்டு, விஷயம் கோர்ட்டுக்குப் போய்ச் சம்பந்தப்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. கொடியைப் பற்றித் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, அவர் பேச்சையும் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

இதுவரை சொன்னது விரும்பி ரிஸ்க் எடுப்பவர்கள் கதை. கேட்காமலேயே தலையில் ரிஸ்க் வந்து ஏறியவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது.

1999 வாக்கில் கிலோ 200 ரூபாயைத் தாண்டி நின்ற மிளகு அடுத்த ஆறேழு வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வியட்நாம் உலகின் பெரிய ஏற்றுமதி நாடாக எழுந்தது ஒரு காரணம். 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே தீர்வையில்லாமல் மிளகு வந்தது இன்னொன்று. வயநாட்டில் அதே நேரம் வாடல் நோய் கொடிகளைச் சாய்த்தது. கடன் தாங்காமல் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிளகுக் கொடி நட்டுக் காய்க்க மூன்று வருடம் ஆகும். நட்டவர் மூன்று வருடம் கழித்துள்ள விலைக்கு இன்றே தலை கொடுக்கிறார். நான் மாலையில் விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். அவர் மண்ணை விட்டு எங்கே போவார்? அந்த வருடங்களில் வயநாட்டிலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். என் தரகு எனக்கு வந்தது. அவர்களுடைய நஷ்டத்தில் எனக்குப் பங்கில்லை. இந்தத் தொழிலில் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியாத விஷயம் இதுதான்.

பிறகு வியட்நாமிலும் இதே கதை நடந்தது. 2015-ஐ ஒட்டி விலை உச்சத்தில் இருந்தபோது மத்திய மலைப்பகுதியில் கடன் வாங்கி மிளகு நட்டார்கள். அது காய்க்கும்போது விலை சரிந்திருந்தது. யாரையும் ‘துணிந்து இறங்கு’ என்று தள்ளிவிடுவதற்கு முன், இறங்கிய வழியிலேயே அவரால் ஏறிவர முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்படி முடியாதவருக்கு வேறொரு தாங்கல் வேண்டும். குறைந்தபட்ச விலை, காப்பீடு, முன்பேரச் சந்தையில் அவருக்காகப் பேரம் பேசும் கூட்டுறவுச் சங்கம், ஏதாவது ஒன்று. 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு இறக்குமதியைத் தடுத்தது ஒரு தாங்கல்தான். எங்களில் சிலர் அதற்கு முணுமுணுத்தார்கள். நான் வரவேற்றேன்.

இதற்கிடையே ஜூ டவுனில் கூச்சல் ஓய்ந்து, மிளகு கம்ப்யூட்டருக்குப் போனது. தேசியச் சந்தைகள் வந்தன. எங்கிருந்தோ, மிளகைக் கண்ணால் பார்த்திராதவர்களும் வாங்கி விற்றார்கள். 2012 டிசம்பரில், கனிம எண்ணெய் தடவியது என்று சொல்லி, கோடவுன்களில் கிடந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அடுத்த வருடம் முன்பேர வியாபாரமே நின்றது. வருடக்கணக்கில் பணம் முடங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விலையைப் பற்றிய ரிஸ்க்கை எல்லாம் சரியாக அளந்தவர்கள். ஆனால் சரக்கைக் கடித்துப் பார்க்காமல் கோடவுன் ரசீதைப் பார்த்து வாங்கியவர்கள்.

அதே 2012 டிசம்பரில்தான் முதல் கொச்சி முசிரிஸ் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியது. மிளகு அடைத்த பழைய பண்டகசாலைகளில் ஓவியங்கள் வந்தன. ஜூ டவுனில் சுக்கும் மிளகும் மணத்த கடைகள் பலவற்றில் இன்று பழம்பொருள் விற்கிறார்கள். தொழிலை விட்டுப்போனார்கள் என்று அவர்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு, தெரியாத ஒன்றில் கை வைப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

நான் பெரிதும் மதிக்கும் துணிச்சல் வேறு ஒன்று. 1972-இல் கோலஞ்சேரி அருகே கடயிருப்பில் சி.வி. ஜேக்கப் ‘சிந்தைட்’ கம்பெனியைத் தொடங்கினார். மிளகின் காரத்தையும் மணத்தையும் சாறாகப் பிரித்து எடுக்கும் தொழில். எங்கள் ஊர் நூற்றாண்டுகளாக மணியை மணியாகத்தான் விற்றது. பொக்கு என்று நாங்கள் ஊதித் தள்ளும் சரக்கிலும் காரம் உண்டு, எண்ணெயும் உண்டு. சாறு எடுப்பவருக்கு மணி உருண்டு திரண்டிருக்க வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் விலை ஏறுமா இறங்குமா என்று ஒரே இடத்தில் நின்று மோதிக்கொண்டிருந்தபோது, அவர் அந்தக் கேள்வி அவ்வளவாக எட்டாத இடத்துக்குத் தொழிலை நகர்த்தினார். அவருக்குத் தெரிந்த சரக்கு, அவருக்குப் பக்கத்து மலை, எங்கள் கண்முன் கிடந்த கழிவு. ரிஸ்க் இருந்தது. ஆனால் அது அவர் காலடி மண்ணில் இருந்தது.

சமீப வருடங்களில் மிளகு விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும், இங்கே கொச்சியிலிருந்தும் பையன்கள் வந்து கேட்கிறார்கள்: “அண்ணே, கொஞ்சம் வாங்கி அடைக்கலாமா?” அவர்களை நான் தடுப்பதில்லை. தொழிலுக்கு இளம் ரத்தம் வேண்டும். வட்டி எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் வீட்டில் என்ன நிற்கும் என்று மூன்று வரி எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். எழுதிக்கொண்டு வருகிறவரோடு நானே கோடவுனுக்குப் போய், மூட்டையின் வயிற்றில் குத்தூசி செருகக் கற்றுக்கொடுக்கிறேன். அம்மாவின் நகையை வைத்து வாங்க நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். முதல் சீசனில் பத்து மூட்டை போதும், அதுவும் சொந்தப் பணத்தில்.